எட்டுப் பாத்தி, எட்டு மடி: திருவரங்குளம் பக்கத்துப் பருத்திக் கொல்லையில் ஒரு காலை

பதினான்கு வருஷமாகப் பஞ்சைத் தொட்டுத்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் இந்த மாசி மாதம் வரை ஒரு பருத்திச் செடியைத் தொட்டதில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வருகிற பஞ்சுப் பொதியில் எத்தனை ஈரம், எத்தனை தூசு, இழை எவ்வளவு நீளம் என்று பார்த்து எழுதுவேன். நடுநடுவே உரச்சாக்கு நூலும் தலைமுடியும் சாக்லேட் தாளும் வரும். அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, "யார் வீட்டுப் பிள்ளை தின்ற சாக்லேட்டோ" என்று முகம் தெரியாத ஒருவரைத் திட்டுவேன். என்னுடன் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன சத்தம்.

இந்தத் திட்டு ஒரு நாள் தொலைபேசியில் எஸ்தருக்குக் கேட்டுவிட்டது. எஸ்தர் என் கல்லூரித் தோழி, அறந்தாங்கிப் பக்கத்துக்காரி. பருத்தி ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் களப்பணி பார்க்கிறாள். குறைந்த தண்ணீர், குறைந்த மருந்து, அதே நிலத்தில் கூடுதல் விளைச்சல் என்று விவசாயிகளின் கொல்லையிலேயே, அதாவது மானாவாரி நிலத்திலேயே, பரிசோதனை நடத்துவது அவள் வேலை. "திட்டுறதுன்னா நேர்ல வந்து திட்டு. வர்ற சனிக்கிழம ரெண்டாவது பறிப்பு இருக்கு" என்றாள். எனக்கும் மூன்று நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. அதோடு திருமயம் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது பல வருஷத் திட்டம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்குத் திண்டுக்கல்லில் திருச்சி பஸ். நூறு கிலோமீட்டர், 85 ரூபாய், இரண்டேகால் மணி நேரம். திருச்சி பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி ஒரு வடை 40 ரூபாய், டீ 15 ரூபாய். டீயைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. 9.05க்குப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். புதுக்கோட்டை வரை போகாமல், மலைக்கோயிலைப் பார்க்க நார்த்தாமலை விலக்கில் இறங்கிக்கொண்டேன். டிக்கெட் 35 ரூபாய். அங்கிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் 80 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 70க்கு ஏறினேன். மலையடிவாரத்தில் இறக்கிவிட்டபோது, "வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கிருங்க. பாறை சுட்டுப்புடும்" என்று அவர் அக்கறையாகச் சொன்னதில் அந்தப் பத்து ரூபாய் உறுத்தியது. திரும்பும்போது 80 கொடுத்துவிட்டேன்.

மேலேயுள்ள விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்கு ஏற இருபது நிமிஷம் போதும். படி என்று பெரிதாக எதுவும் கிடையாது, வழுக்கைப் பாறையில் நடக்க வேண்டும். செருப்பு நன்றாகப் பிடிப்பதாக இருக்கட்டும். வெளியே சதுரமாகவும் உள்ளே கருவறை வட்டமாகவும் கட்டியிருக்கிறார்கள். எதிரே பாறையைக் குடைந்த குகையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டும் ஒரே அச்சு. மில்காரி புத்தி, ஒன்றிரண்டிலாவது வித்தியாசம் இருக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து பார்த்தால் நாலா பக்கமும் செம்மண், நடுநடுவே குளங்கள், மிச்ச இடமெல்லாம் சாம்பல் பச்சையில் யூகலிப்டஸ் என்கிற தைலமரக் காடு. அந்தத் தைலமரம்தான் மறுநாள் கதையில் வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மதியம் 1.20க்குப் புதுக்கோட்டை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை 700 ரூபாய், விசிறி நன்றாகச் சுற்றியது, குளியலறை சுமார். சாயங்காலம் எஸ்தர் வந்தாள். இந்த ஊர் முட்டை மாஸைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவித்த முட்டையைத் துண்டாக்கி, வெங்காயத்தோடும் சால்னாவோடும் கல்லில் புரட்டித் தருகிறார்கள். இரண்டு பரோட்டாவோடு 90 ரூபாய். என் வாழ்நாளில் 90 ரூபாயை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவழித்ததாக நினைவில்லை. ஆனால் எஸ்தர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

அவள் சொன்னது இது. திருவரங்குளத்துக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊரில் வளர்மதி என்ற பெண்ணின் கொல்லையில்தான் பரிசோதனை. (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வளர்மதி கேட்டுக்கொண்டார்.) கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. நிலம் கணவருக்கும் அவர் அண்ணன் ராமையாவுக்கும் சேர்ந்த கூட்டுப் பட்டா, ஏழு ஏக்கர் மானாவாரி. ஆள் கிடைக்கவில்லை, மயில் விதையைத் தோண்டித் தின்கிறது, மருந்துக்குச் செலவழித்து மாளவில்லை, பேசாமல் ஏழு ஏக்கரிலும் தைலமரம் நட்டுவிடலாம் என்பது ராமையாவின் முடிவு. வளர்மதி ஒரு பட்டம் (விதைப்புப் பருவம்) மட்டும் தவணை கேட்டிருக்கிறார். நாற்பது சென்ட்டில் புது முறையும் பழைய முறையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறேன், புதுசு தேறினால் பருத்தி, தேறாவிட்டால் உங்கள் இஷ்டம் என்று பேச்சு.

"மொதப் பறிப்புல புதுசு அம்பத்தொம்பது கிலோ, பழசு அம்பத்தேழு கிலோ. ரெண்டும் ஒண்ணுன்னு ராமையா சொல்றாரு. சொல்லத்தானே செய்வாரு" என்றாள் எஸ்தர். "செடியப் பாத்தா அப்படித் தெரியல, செல்வி. புதுசுல காய் கொத்துக் கொத்தா நிக்கிது. ஆனா தராசு சொல்றதத்தான நான் எழுத முடியும்?" மறுநாள் மாலைக்குள் தைலங்கன்றுக்கு ராமையா சரி சொல்ல வேண்டும். நாற்றங்கால்காரர் லாரி ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆக, இரண்டாவது பறிப்புதான் கடைசி வாய்ப்பு.

சனிக்கிழமை காலை 5.40க்கு ஆலங்குடிப் பாதையில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் கொடுத்த பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எட்டு கிலோமீட்டர். திருவரங்குளத்தில் இறங்கும்போது சிவன் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. எதிரே இருந்த கடையில் டீ 12 ரூபாய். இந்தப் பயணத்தின் முதல் நல்ல டீ. எஸ்தர் ஸ்கூட்டியோடு அங்கே காத்திருந்தாள், பின்னால் ஏறிக்கொண்டேன். நீங்கள் தனியாகப் போனால் ஷேர் ஆட்டோ 20 ரூபாய், ஆள் சேர்கிற வரை காத்திருக்க வேண்டும்.

கொல்லைக்குப் போனதும் நான் முதலில் பார்த்தது சாக்கைத்தான். வரப்பில் நாலு உரச்சாக்குகளை மடித்து வைத்திருந்தார்கள். பதினான்கு வருஷக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. வளர்மதி முப்பத்தைந்து வயது இருப்பார், தலையில் துண்டு கட்டிக்கொண்டு சிரித்த முகமாக, "வாங்க, வாங்க. டீ குடிச்சீங்களா?" என்றார். திட்ட வாய் வரவில்லை. பையிலிருந்து நான் கொண்டுபோயிருந்த பழைய பருத்தி வேட்டிகள் ஆறையும் எடுத்துக் கொடுத்து, பஞ்சை இதில் கட்டுங்கள், சாக்கு நூல் ஒட்டினால் துணியில் சாயம் பிடிக்காது என்று மட்டும் சொன்னேன். "அப்படிங்களா? இத ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலியே" என்று சாக்குகளை எடுத்துக் கடாசிவிட்டார். பதினான்கு வருஷம் திட்டியது அரை நிமிஷத்தில் முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது கொல்லையைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மேற்காக எட்டு நீளப் பாத்திகள். ஒவ்வொன்றும் ஐந்து சென்ட். ஒன்று பழைய முறை, அடுத்தது புது முறை என்று மாற்றி மாற்றி. மண் ஒரு பக்கம் நன்றாகவும் ஒரு பக்கம் மட்டமாகவும் இருந்தால் யாருக்கும் சாதகம் ஆகிவிடக்கூடாது என்று எஸ்தர் செய்த ஏற்பாடு அது. பழைய பாத்தியில் வரிசைக்கு வரிசை நாலடி, செடிக்குச் செடி இரண்டடி. செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்து கிளை பரப்பி நின்றன. புதுப் பாத்தியில் மூன்றடிக்கு அரையடி, நெருக்கி விதைத்த குட்டை ரகம். தலைக்கொழுந்தைக் கிள்ளி வளர்த்தியை அடக்கியிருந்தார்கள். ஊடே தட்டைப்பயறு போட்டு எடுத்திருக்கிறார்கள். புழுவின் நடமாட்டம் பார்க்க இனக்கவர்ச்சிப் பொறியும், வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையும் தொங்கின. பூச்சியை எண்ணிப் பார்த்து, அளவு மீறினால் மட்டும் மருந்து. பழைய பாத்திகளுக்கு ஆறு தடவை அடித்திருக்கிறார்கள், புதுசுக்கு இரண்டு. மழை விட்டுப்போன சமயத்தில் பண்ணைக்குட்டையிலிருந்து இரண்டுக்கும் ஒரே ஒரு தண்ணீர்.

பறிக்க எட்டுப் பேர் வரவேண்டும், ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஏழு பெண்கள்தான் நின்றார்கள். "நீங்க ஒரு பாத்தி புடிச்சுக்கிறீங்களா?" என்று வளர்மதி கேட்டார். கேட்ட மாத்திரத்தில் சரி என்றேன். பறிக்கிற பஞ்சைப் போட்டுக்கொள்ளச் சேலையை மடியாகக் கட்டிவிட்டது பாக்கியம் அக்கா. ராமையாவின் மனைவி, வளர்மதிக்கு ஓரகத்தி, பறிப்பவர்களில் மூத்தவர். வீட்டுக்காரர் தைலமரம் என்கிறார், மனைவி பருத்தி பறிக்க வந்திருக்கிறார். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "அவுக நெனப்பு அவுகளுக்கு. எனக்கு வேல நடக்கணும்ல?" என்றார்.

6.50க்கு ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு பாத்தி, எட்டுப் பேரும் ஒரே வரிசையாகக் கிழக்கிலிருந்து மேற்கே. காலையிலேயே பறிக்கக் காரணம் இருக்கிறது. லேசான பனி ஈரத்தில் காய்ந்த இலை நொறுங்காது, பஞ்சோடு ஒட்டி வராது. மில்லில் நான் "தூசு" என்று எழுதுவதில் பாதி இந்த இலைதான். எனக்குக் கிடைத்தது மூன்றாவது பாத்தி, பழைய முறை. இரண்டு பக்கமும் புதுப் பாத்தி. வலப் பக்கம் பாக்கியம் அக்கா. அவர் இரண்டு கையாலும் பறிக்கிறார், விரல் போவதும் வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. நான் ஒரு காயில் பஞ்சை இழுத்தால் பாதி வருகிறது, மீதி சுளையிலேயே நிற்கிறது. காய்ந்த காயின் முனை நகக்கண்ணில் குத்துகிறது. ஐந்து நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இருபது அடி போனதும் எல்லோரும் நிமிர்ந்து தண்ணீர் குடித்தார்கள். நானும் நிமிர்ந்தேன். மடி கனமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் கொள்ளாத பஞ்சு. ஒரு நிமிஷம் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பிறகு பதினான்கு வருஷப் புத்தி வேலை செய்தது. நான் பறித்த வேகத்துக்கு இத்தனை பஞ்சு சேர வழியே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பாக்கியம் அக்கா தன் மடியிலிருந்து இரண்டு கை அள்ளி, பேசிக்கொண்டே என் மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாம்க்கா, நான் விருந்தாளி. கூலிக்கு வரலை" என்றேன்.

"விருந்தாளிக்குன்னு இல்லடி ஆத்தா. எல்லாருக்குந்தான். அங்கிட்டுப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஐந்தாம் பாத்திப் பெண்ணுக்கு நாலாம் பாத்தியிலிருந்து. ஏழாம் பாத்திக்கு ஆறிலிருந்தும் எட்டிலிருந்தும். ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் கொடுத்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கைமாற்றுவதுபோல அது பாட்டுக்கு நடந்தது.

"கிலோவுக்கு இம்புட்டுன்னு கூலி. காய் இல்லாத பாத்தி கெடச்சது அவ குத்தமா? அவ மடி மட்டும் எளச்சுப்போயி நின்னா நமக்குப் பாக்க நல்லாவா இருக்கு?" என்றார் பாக்கியம் அக்கா.

எஸ்தர் சொன்ன ஐம்பத்தொன்பதும் ஐம்பத்தேழும் நினைவுக்கு வந்தன. "போன பறிப்புலயும் இப்படித்தான் போட்டீங்களா?"

"எப்பவும் இப்படித்தான். எங்க ஊருல எல்லாக் கொல்லையிலயும் இப்படித்தான்."

எஸ்தர் வரப்பில் நோட்டோடு நின்றிருந்தாள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் பார்த்துப் பார்த்து மாற்றி மாற்றிப் போட்ட பாத்திகள்தான், அந்த நல்ல மனசுக்கு வழி செய்து கொடுத்திருக்கின்றன. காய் நிறைந்த புதுப் பாத்தியிலிருந்து காய் குறைந்த பழைய பாத்திக்கு, முதல் பறிப்பு முழுக்கக் கை கையாகப் பஞ்சு போயிருக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை. தராசுக்கு வருவதற்கு முன்னாலேயே பறித்த பெண்கள் சேர்ந்து இரண்டையும் சமமாக்கிவிட்டார்கள்.

"அக்கா, இத ஏன் என்கிட்டச் சொல்லல?" என்று வளர்மதியிடம் கேட்டாள் எஸ்தர்.

"நீங்க வெதைக்கிறதக் கேட்டீங்க, மருந்தக் கேட்டீங்க, தண்ணியக் கேட்டீங்க. பறிக்கிறதக் கேக்கலியே" என்றார் வளர்மதி. அவர் முகமும் விழுந்துவிட்டது. "நாங்களும் இது ஒரு விசயம்னு நெனக்கலியே. சோறு திங்கிறத யாராச்சும் எடுத்துச் சொல்லுவாங்களா, அதுமாரி."

எஸ்தரைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் ஊரில் நெல்தான். பருத்திக் கொல்லையில் மடி கட்டி நின்றவள் இல்லை. ஆனால் இப்போது என்ன செய்வது? முதல் பறிப்புக் கணக்கு செல்லாது என்று எழுத வேண்டும். எழுதத்தான் வேண்டும் என்று அவளே சொன்னாள். இன்றைக்கு மட்டும் யாரும் யாருக்கும் போடாதீர்கள் என்று கேட்கப் போனாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் பாத்திப் பெண் மட்டும் தன் மடியைக் கையால் மூடிக்கொண்டாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பாக்கியம் அக்காதான் பேசினார். "எங்க பழக்கத்த எதுக்கு மாத்துற? வரிசைய மாத்து. எல்லாரும் சேந்து மொதல்ல பழைய பாத்தி நாலையும் முடிப்போம். நிறுத்துக்க. பொறவு எல்லாரும் சேந்து புதுப் பாத்தி. நாங்க எவளுக்கு எவ்வளவு போட்டாலும் பழசுக்குள்ள பழசு, புதுசுக்குள்ள புதுசு. ஒன் கணக்கும் கெடாது, எங்க மடியும் எளைக்காது."

எஸ்தர் வாயைப் பிளந்தபடி நின்றாள். நானும்தான். மூன்று பட்டம் வாங்கியவளும் பதினான்கு வருஷம் தரம் பார்த்தவளும் திகைத்து நிற்க, அவர் அரை நிமிஷத்தில் பரிசோதனையைத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

இருபது அடியில் எட்டுப் பாத்திகளுக்கும் குறுக்கே எஸ்தர் கயிறு கட்டினாள். அதுவரை பறித்தது பழசு, புதுசு எந்தக் கணக்கிலும் சேராது, தனி மூட்டை. எல்லாப் பாத்தியிலும் ஒரே அளவு கழிந்ததால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு சந்தேகம் எனக்கு வந்தது, சொன்னேன். முதலில் பறிக்கிற பழைய பாத்தியில் பனி ஈரம் இருக்கும், ஈரப் பஞ்சு எடை கூடக் காட்டும். வெயில் ஏறிப் பறிக்கிற புதுசு காய்ந்திருக்கும். எஸ்தர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "அப்ப சாதகம் பழசுக்குத்தான். அதத் தாண்டிப் புதுசு ஜெயிச்சா ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது" என்றாள்.

7.50க்கு மறுபடி ஆரம்பம். பாத்திக்கு இரண்டு பேர். 9.15க்குப் பழசு முடிந்தது, என் வேட்டிகளில் இரண்டு மூட்டை. 11 மணிக்குப் புதுசு முடிந்தது, மூன்று மூட்டை. வளர்மதி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நிறுத்துத்தான் பார்க்கணும் என்றார். பஞ்சு மூட்டை கண்ணை ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியும்.

11.20க்கு ராமையா வந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்த நடை. கையில் கடலை நிறுக்கிற சொந்தத் தராசு. "ஒங்க தராசு இருக்கட்டும். நம்ம தராசுலயும் ஒரு தடவ போட்ருவோம்" என்றார். வேப்ப மரக் கிளையில் இரண்டையும் மாட்டினார்கள். பழசு நாற்பத்து மூன்று கிலோ. புதுசு அறுபத்தெட்டு. இரண்டு தராசுக்கும் அரைக் கிலோ கூட வித்தியாசம் இல்லை.

வளர்மதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராமையா அசையவில்லை. "போன தடவ ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு. இந்தத் தடவ வெளியூர்லேர்ந்து மேடம் வந்தாங்க, இருபத்தஞ்சு கிலோ ஏறிப்போச்சாக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"ஏறல. போன தடவ எறங்கிருந்துச்சு" என்றார் பாக்கியம் அக்கா. "நாந்தான் எறக்குனேன். ஏழாம் பாத்தி மடி எளச்சுக் கெடந்துச்சு, போட்டேன். அஞ்சாம் பாத்திக்கும் போட்டேன். கை நெறையப் போட்டேன். நீங்க அதப் பாத்துட்டுத் தைலத்துக்குச் சொல்லி வச்சீங்க."

ராமையா மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த ஏழு பெண்களையும் பார்த்தார். அவருக்கு அந்தப் பழக்கம் தெரியாமலா இருக்கும்? அவர் அம்மாவும் மடி கட்டிப் பறித்தவர்தானே. மெல்ல அவர் முகம் கோணியது. சிரிப்பு என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "ஆக, எங்க வீட்டுக் கைதான் எங்க கொல்லையக் கவுக்கப் பாத்துச்சு" என்றார்.

மருந்து எத்தனை தடவை என்று கேட்டார், வளர்மதி சொன்னார். புதுப் பாத்திக்குள் போய் ஒரு செடியைப் பிடித்துக் காயை எண்ணினார். இன்னொன்றையும் எண்ணினார். வெளியே வந்து செல்போனை எடுத்தார். "தம்பி, நான் ராமையா பேசுறேன். கன்னு வேண்டாம்ப்பா. ஆமா, ஏழு ஏக்கருக்குந்தான். கொல்லையில பருத்தி நிக்கிது" என்றார். வளர்மதி எழுந்து வந்து எஸ்தரைக் கட்டிக்கொண்டார். எஸ்தர் அழுதாள். நானும் அழுதேன், இதில் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்றாலும். அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கு மதியச் சோறு வளர்மதி வீட்டில். புளிக்குழம்பும் தட்டைப்பயறு கூட்டும். தட்டைப்பயறு அதே கொல்லையில் விளைந்தது. சாயங்காலம் 4.30 டவுன் பஸ், புதுக்கோட்டையில் அறையைக் காலி செய்துவிட்டு 6.15க்குத் திருச்சி பஸ், பத்து மணிக்கு வீடு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திருமயம் கோட்டை நினைவுக்கு வந்தது. இப்படி விட்டுப்போவது இது மூன்றாவது முறை.

நீங்களும் இப்படிப் போக நினைத்தால் சில விஷயங்கள். மாசி, பங்குனியில் போங்கள், மானாவாரிப் பருத்தி பறிப்பு அப்போதுதான். முதல் நாளே புதுக்கோட்டையில் தங்கிவிடுங்கள், காலை ஏழு மணிக்கு மேல் கொல்லைக்குப் போனால் பாதியைத் தவறவிடுவீர்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர் அவசியம். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், காய் குத்தும். யார் கொல்லையானாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டு நாளைக்குப் பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து எனக்கு ஆயிரத்து நானூறுக்குள் அடங்கியது. பழைய பருத்தி வேட்டி இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் மில்லில் ஒருத்தி திட்டுவது குறையும்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விதையைக் கேளுங்கள், தண்ணீரைக் கேளுங்கள், கூடவே பறிக்கிற கையையும் கேளுங்கள். எஸ்தர் தன் நோட்டில் முதல் பறிப்புக்கு எதிரே "செல்லாது" என்றும், காரணம் என்ற இடத்தில் "பறிப்பவர்களின் இரக்கம்" என்றும் எழுதியிருக்கிறாள். அவள் மேலதிகாரி அதை அடிக்காமல் விட்டுவிட்டாராம்.

நேற்று வளர்மதியிடமிருந்து குரல் செய்தி வந்தது. மூன்றாவது பறிப்பும் புதுசுக்குத்தான், தராசைப் பிடித்தது ராமையா. அடுத்த பட்டத்தில் ஏழு ஏக்கரும் நெருக்கி விதைக்கப் போகிறார்கள். கடைசியில் பாக்கியம் அக்கா பின்னாலிருந்து கத்துவது கேட்டது: "அந்த மில்லுப் புள்ளைய அடுத்த வருசமும் வரச் சொல்லு. அவ பறிக்க மாட்டா, தெரியும். நாங்க போட்டுக்கிறோம்."

அன்றைக்குத் தனி மூட்டையில் கொட்டுவதற்கு முன் என் மடியை மட்டும் ரகசியமாகத் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன். இரண்டு கிலோ நூறு கிராம். அதில் நான் பறித்தது முக்கால் கிலோ இருந்தால் அதிகம்.